அடுப்பக்காவின் விடுமுறை நாட்கள்

அடுப்பக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் ஆய்வக வாசலில் இருக்கும் காவலாளி. அவள் பொறுப்பில் எட்டு அடுப்புகள் இருந்தன. ஆளுயர இரும்பு அலமாரி மாதிரி, கனத்த கதவும் உள்ளே சுழலும் விசிறியுமாக, வைத்த சூட்டை இராப்பகலாக விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் மின் அடுப்புகள். வீட்டில் அவளுக்கு இருந்ததோ ஒற்றை அடுப்பு. அதையும் பல நாள் பற்றவைக்காமல் ரொட்டியும் பழமுமாகப் பொழுதை ஓட்டிவிடுவாள். "எட்டு அடுப்புக்குச் சொந்தக்காரி, டப்பாவுல பாத்தா காஞ்ச ரொட்டி" என்று காவலாளி ஒருநாள் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த அடுப்புகளுக்குள் வெந்துகொண்டிருந்தது காகிதம்.

தெருமுனையில் உறுமிக்கொண்டு நிற்கும் மின்மாற்றியை எல்லாரும் பார்த்திருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று யோசித்தவர்கள் குறைவு. செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காகிதம், இரண்டும் மூழ்கிக் கிடக்க எண்ணெய். அவ்வளவுதான். எண்ணெய் கெட்டால் வடித்துவிட்டு வேறு ஊற்றலாம். காகிதம் நைந்துபோனால் அதோடு மின்மாற்றியின் கதை முடிந்தது. இதுநாள்வரை ஊற்றிவந்தது பூமிக்கடியிலிருந்து எடுக்கிற கனிம எண்ணெய். சூடு எல்லை மீறினால் அது குபுக்கென்று பற்றிக்கொள்ளும். மண்ணில் கசிந்தால் லேசில் போகாது. அதற்கு மாற்றாக எஸ்டர் என்றொரு திரவம் வந்திருந்தது. விதைகளில் பிழிந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுப்பது. கனிம எண்ணெய் எரிகிற சூட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறினாலும் தீப்பற்றாது. கொட்டினாலும் மண் அதைத் தின்றுவிடும். எல்லாம் சரி, அதில் ஊறினால் காகிதம் எத்தனை காலம் தாங்கும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எட்டு அடுப்புகள்.

காகித நாடாக்களையும் செம்புத் துண்டுகளையும் எஃகு டப்பாக்களில் போட்டு, நான்கு அடுப்புக்குரிய டப்பாக்களில் கனிம எண்ணெயும் மற்ற நான்கில் எஸ்டரும் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி உள்ளே அடுக்கியிருந்தார்கள். மின்மாற்றியில் ஒரு தலைமுறைக் காலத்தில் காகிதத்துக்கு வருகிற மூப்பை, அந்தச் சூடு சில வருஷத்தில் வரவழைத்துவிடும். அவ்வப்போது ஒரு டப்பாவைத் திறந்து, நாடாவை இழுத்து அறுக்கும் இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். ஆனால் சூடு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. கொஞ்சம் ஏமாந்தாலும் வருஷக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போகும். ஆகவே தினமும் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும், விடுமுறை நாளிலும்.

ஆரம்பத்தில் அந்த விடுமுறை டியூட்டி எல்லாருக்கும் முறைவைத்துத்தான் வந்தது. பிறகு ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொருவருக்கு மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லாரும் இரட்டையர் அம்மா என்று கூப்பிடுகிற பெண்ணுக்கு, ஒன்று தூங்கினால் மற்றது விழித்துக்கொள்ளும். "அக்கா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். அவள் முடிக்கவே விடமாட்டாள். போய்வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாள். போகப்போகக் கேட்பதும் நின்றுபோனது. சுவரில் டியூட்டிப் பட்டியல் ஒட்டும்போதே காலண்டரின் சிவப்பு விடுமுறை நாட்களுக்கு நேரே அவளைத்தான் போட்டிருப்பார்கள்.

அவளுக்கு அது குறையாகவும் தெரியவில்லை. அப்பா போன கையோடு இந்த வேலைக்கு வந்தவள். கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. தம்பி படிப்பு முடியட்டும் என்று ஒன்று தள்ளிப்போனது, அம்மா படுத்த படுக்கையாக விழுந்தபோது இன்னொன்று நின்றுபோனது, அப்புறம் பேசுகிறவர்களே ஓய்ந்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், மாடியில் இருக்கும் அந்த இரண்டு அறை வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்கூட அவளுக்கு ஒரு துணை மாதிரி இருந்தது. தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். வாரத்துக்கு ஒருமுறை அவன் வீட்டிலிருந்து போன் வரும். தம்பி மனைவி "நல்லா இருக்கீங்களா அண்ணி, சாப்பிட்டாச்சா" என்று கேட்பாள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஹலோ அத்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனை வைத்தபிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடும்.

அதோடு ஒப்பிட்டால் அடுப்பறை எவ்வளவோ தேவலை. குளிர்காலத்தில் கட்டடம் முழுக்க விறைத்துக் கிடக்கும்போதும் அந்த ஒரு அறை கதகதப்பாக இருக்கும். எட்டு விசிறிகளும் ஒரே சுதியில் ரீங்காரம் போடும். விடுமுறை நாளில் கதவைத் திறக்கும்போது "வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வாள். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பாட்டில்காரர் அங்கே வரத் தொடங்கியது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

அவர் மின்வாரியத்தில் மாதிரி எடுக்கிறவர். துணைமின் நிலையங்களுக்குப் போய், மின்மாற்றியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, கண்ணாடிச் சிரிஞ்சிலும் பாட்டிலிலும் எண்ணெய் பிடித்துக்கொண்டுவந்து ஆய்வகத்தில் கொடுப்பார். அந்தச் சமயம் ஒரு மருத்துவமனையின் பின்புறம் நிற்கும் மின்மாற்றியில் சோதனைக்காகப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு எஸ்டர் ஊற்றியிருந்தார்கள். அதில் மாதாமாதம் மாதிரி எடுத்தாக வேண்டும். விடுமுறை நாளில் சாலையில் நெரிசல் இருக்காது என்று அவர் அந்த நாட்களாகப் பார்த்து வருவார். முதல் தடவை வாசலில் "பாட்டில் கொண்டு வந்திருக்கேன்" என்று அவர் சொல்ல, காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலங்காத்தாலயேவா சார்?" என்றாராம். அதை அவரே வந்து அவளிடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு அடங்கப் பாட்டில்களை வாங்கிக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

மனைவியை இழந்தவர். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். இதெல்லாம் அவராகச் சொன்னதில்லை. பல மாதங்களில், துண்டு துண்டாக, பேச்சோடு பேச்சாக வெளிவந்தவை. அதிகம் பேசுகிறவரும் இல்லை. பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். அடுப்பறைக்கு வெளியே இருக்கும் மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள். மருத்துவமனை மின்மாற்றியின் வேலிக்கருகே ஒரு பூனை குட்டி போட்டிருப்பதையும், ஏதோ ஒரு துணைமின் நிலையத்தில் குளவி கூடு கட்டிக் குழாயைத் தொடவிடாமல் அடித்ததையும் சொல்வார். ஒருமுறை, எஸ்டர் வழிந்திருந்த அலமாரித் தட்டில் தன் கைக்குட்டையை வைத்துவிட்டு மறந்துபோனார். அந்த எண்ணெய் மெல்லிய படலமாகக் காற்றில் கிடந்தால் நாளடைவில் பிசினாகிவிடும். அடுத்த மாதம் அவர் வந்தபோது கைக்குட்டை தட்டோடு தட்டாக ஒட்டிக்கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தும் முழுசாக வரவில்லை. "விடுங்க, அதுக்கு இங்க பிடிச்சுப் போச்சு" என்றார் அவர்.

அந்த வார்த்தையை அவள் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அவர் கைக்குட்டையை மட்டும்தான் சொன்னாரா? அப்படி யோசித்ததற்குத் தன்னையே கடிந்தும்கொண்டாள், இந்த வயதில் இதென்ன புத்தி என்று. ஆனாலும் அடுத்த பட்டியல் சுவரில் ஏறியபோது, சிவப்பு நாட்கள் எங்கெங்கே வருகின்றன என்று முதலில் போய்ப் பார்த்தவள் அவள்தான்.

இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே அவர், மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள், அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சாப்பிட வர முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க லீவே எடுக்க மாட்டீங்களே" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

"எடுக்கறேன்" என்றாள்.

இரட்டையர் அம்மாவிடம் போய் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். எந்த அடுப்பின் கதவு இறுகும், சூடு காட்டும் எந்த முள் கொஞ்சம் நடுங்கும், மின்சாரம் போய்வந்தால் முதலில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அக்கா, நானும் இங்கதானே வேலை பாக்கறேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

விடுமுறை அன்று அவள் அலமாரியின் அடியிலிருந்து ஒரு நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று பழங்கள் வாங்கிக்கொண்டாள். அவர் வீடு சின்னதுதான், பளிச்சென்று இருந்தது. அலமாரிகள் ஏன் இவ்வளவு காலியாக இருக்கின்றன என்று ஒரு நொடி தோன்றியது. மகள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

"அப்பா போன்ல உங்களைப் பத்திதான் பேசுவார், ஆன்ட்டி. லேப்ல ஒருத்தங்க இருக்காங்க, அவங்க இருக்கறதாலதான் எனக்குப் பொழுது போகுதுன்னு."

அவளுக்கு முகம் சூடேறியது. சாப்பிட உட்கார்ந்தார்கள். மகளே சமைத்திருந்தாள், எல்லாம் ருசியாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் மகள், இனி அப்பாவைத் தனியாக விடுவதாக இல்லை, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தாலும் வேலையை விடச் சொல்லிவிட்டோம், விசாவும் வந்துவிட்டது, இந்த மாதமே கூட்டிக்கொண்டு போகிறோம் என்றாள். இத்தனை நாள் அப்பாவைக் கவனித்துக்கொண்டதற்கு நேரில் நன்றி சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன் என்றாள். அந்தப் பெண் மனசார அதைச் சொன்னாள். பாட்டில்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல விஷயம், ரொம்ப சந்தோஷம் என்று அவள் சொன்னாள். குரல் சரியாகத்தான் வந்தது. மறுசோறும் போட்டுக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம்வரை அவர் கூட வந்தார். தெருவில் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. நிறுத்தத்தில் வேறு ஆளில்லை.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"எதை?"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். "போறதை" என்றார் பிறகு.

"மக கூட இருக்கறது நல்லதுதானே. இங்க தனியா எதுக்கு?"

அவர் தலையாட்டினார். இன்னும் ஒரு வாக்கியம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் காத்திருந்தாள். பஸ்தான் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின் அவர் பக்கத்தில் வந்து, "அடுப்பைப் பாத்துக்கோங்க" என்றார்.

வீட்டு நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனாள். மனம் இருந்த நிலையில், அங்கே ஏதாவது தப்பாகிக் கிடந்தால்கூடத் தேவலை என்றிருந்தது: ஒரு முள் இறங்கியிருக்கும், ஒரு விசிறி நின்றிருக்கும், இரட்டையர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், தான் போய்ச் சரிசெய்வோம். அடுப்பறையில் எட்டு முட்களும் அததன் இடத்தில் நின்றன. இரட்டைப் பிள்ளைகள் இருவரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அம்மா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் வந்தீங்க அக்கா? எல்லாம் அது பாட்டுக்கு ஓடுது."

ஆமாம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வந்திருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும். பிள்ளைகள் வரைந்த படத்தைக் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவின் கோடியில் கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். பாட்டில்காரருக்காக மட்டும் அழுத அழுகையா அது? தான் இல்லாமல் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று நம்பிக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு நாளாகக் கொண்டுவந்து அந்த அறையில் கொட்டியிருக்கிறாளே, அதற்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் அவள் ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர், கொஞ்சம் ஞாபக மறதி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவர். இனி விடுமுறை டியூட்டியை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுங்கள் என்று அவள் சொன்னாள். இதற்காக இரவெல்லாம் வாதம் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"தாராளமா. நானே கேக்கணும்னு இருந்தேன்மா. உங்களுக்கு அது பிடிச்சிருக்குன்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டோம்."

கோபப்படக்கூட அதில் இடமில்லை. பிடித்துத்தானே இருந்தது.

பாட்டில்காரர் போகும் முன் ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்து எல்லாரிடமும் விடைபெற்றார். கூட்டத்தோடு கூட்டமாக அவளிடமும் கைகூப்பினார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றாள். அவர் போகிற இடத்து விலாசமோ எண்ணோ அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று வண்டி கேட்டைத் தாண்டியபின் தோன்றியது.

கையில் வந்துவிட்ட விடுமுறைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் விடுமுறையில் வீட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த வீடு அது. திரைச்சீலைகளைத் துவைத்தாள். மதியத்துக்குள் வேலை தீர்ந்துவிட்டது. கீழ்வீட்டில் விருந்தாளிகளின் சத்தம். அவள் ஜன்னலில் நின்று, எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ துணி காயப்போடுவதை, அவர்கள் முடித்துப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விடுமுறைக்குச் சினிமாவுக்குப் போனாள். இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர்கள் குடும்பமாக எழுந்துபோக, வரிசையில் தான் மட்டும் இருப்பதைக் கண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மூன்றாவது விடுமுறை கழிந்த மறுநாள், இரட்டையர் அம்மா வேலைக்கு நடுவே சாதாரணமாகச் சொன்னாள். "அக்கா, நேத்து லேப் போனுக்கு ஒருத்தர் உங்களைக் கேட்டுக் கூப்பிட்டார். இல்லைன்னேன். லீவு நாளாச்சே, அவங்க இல்லையான்னு ரெண்டு தடவை கேட்டார். குரல் நம்ம பாட்டில் சார் மாதிரி இருந்துச்சு."

"நம்பர் கொடுத்தாரா?"

"கேக்கறதுக்குள்ள வெச்சுட்டார் அக்கா."

அவள் கையிலிருந்த சிரிஞ்சைப் பெட்டியில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் எந்த விடுமுறை நாளில் கூப்பிட்டிருந்தாலும் அந்தப் போனை எடுத்திருக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவர் கூப்பிட்ட நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுபடி எல்லா விடுமுறைக்கும் வந்துவிடலாமா என்று அன்று முழுக்கக் குழம்பினாள். மாலையில் ஒரு முடிவுக்கு வந்தாள்: வருவதில்லை. தன் வீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். யார் கூப்பிட்டாலும் இதைக் கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காவலாளி மட்டும் அந்தத் தாளின் நான்கு மூலையிலும் இன்னொரு முறை டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

மாதங்கள் போயின. போன் வரவில்லை. இதற்கிடையில் சோதனை முடியும் நாள் வந்தது. அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். விசிறிகள் நின்றபோது அந்த அறை அவ்வளவு பெரிதா என்றிருந்தது. கடைசி டப்பாக்களை அவளே திறந்தாள். கனிம எண்ணெயில் கிடந்த நாடா கறுத்திருந்தது. இடுக்கியால் தூக்கும்போதே பொடிந்தது, இயந்திரத்தில் மாட்டவே முடியவில்லை. எஸ்டரில் கிடந்ததும் பழுத்துப் பழுப்பேறித்தான் இருந்தது, ஆனால் முழுசாக வந்தது. மாட்டி இழுத்தபோது முள் ஏறிக்கொண்டே போய், அப்புறம்தான் பட்டென்று அறுந்தது. காகிதத்தை நைய வைப்பது அதில் ஊறும் ஈரம். எஸ்டர் அந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிடுகிறது என்று தலைவர் விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். இரட்டையர் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இனி மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில், கட்டடங்களின் அடித்தளத்தில், குடிநீர் ஏரிக்கரையில் நிற்கும் மின்மாற்றிகளுக்கெல்லாம் எஸ்டரையே ஊற்றுவதென்று வாரியமும் முடிவெடுத்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வீட்டு போன் அடித்தது. தம்பியாக இருக்கும் என்று எடுத்தாள்.

"அடுப்பக்காவா?"

பாட்டில்காரர் அதற்குமுன் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குக் காவலாளிதான் போனை எடுத்தார், எண்ணைச் சொல்லும்போது இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார் என்றார். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றார்.

"தெருமுனையில ஒரு பச்சைப் பெட்டி இருக்கு, மின்மாற்றி. தினமும் நடக்கறப்ப அதுகிட்ட கொஞ்ச நேரம் நிப்பேன். உள்ள என்ன எண்ணெய் ஊத்தியிருக்கான்னு தெரியல. ஒருநாள் போலீஸ்காரர் வந்து என்ன வேணும்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது. பாட்டில் இருக்கான்னு பாத்தேன்னு சொன்னா உள்ள தூக்கிப் போட்டுடுவான்."

அவள் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். காகிதம் தாங்கிவிட்டதைச் சொன்னாள். அவர் தனக்கே பரிசு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். தன் இடத்துக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாரும் வரவில்லை, அலைகிற வேலை என்று ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

"உங்களையும் கூட்டிட்டு வந்திருக்கணும்னு சில நாள் தோணும்" என்றார் அவர். "கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்" என்றாள்.

"ஆமா" என்றார். மகள் வருகிற நேரமாயிற்று, வைக்கிறேன் என்றார். இந்த முறை அவர் எண்ணை அவள் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே அவள் தலைவரிடம் போய், மாதிரி எடுக்கும் வேலைக்குத் தன்னை அனுப்பும்படி கேட்டாள். வெயிலிலும் மழையிலும் சுற்ற வேண்டுமே, இந்த வயதில் எதற்கு என்று அவர் தயங்கினார். அடுப்பெல்லாம் அணைந்துவிட்டது, இங்கே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது மேல் என்றாள். வாரியத்தில் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தார்.

முதலில் போனது மருத்துவமனைக்கு. வருஷக்கணக்கில் அந்த மின்மாற்றியின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அறிந்தவள், மின்மாற்றியை அன்றுதான் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்னது. சாம்பல் பூச்சு உரிந்திருந்தது. வேலிக்கு இந்தப்பக்கம் பெஞ்சு போட்டு, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மடியில் சாப்பாட்டு டப்பா. குழாயைத் திறந்து முதல் சிரிஞ்சைப் பிடித்தபோது உள்ளே ஒரு காற்றுக்குமிழ் புகுந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. பழகிய கைக்கும் புது வேலை புது வேலைதான்.

வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பெண், தூக்கமில்லாத முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே உட்காரலாமா, இது வெடிக்கிற கிடிக்கிற சாமான் இல்லையே என்று கேட்டாள்.

"உக்காருங்கம்மா. இதுல ஊத்தியிருக்கறது சீக்கிரம் தீப்பிடிக்காத எண்ணெய்."

மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்று அடுப்பக்கா கேட்டாள். வீட்டுக்காரர், நாளைக்கு ஆபரேஷன் என்றாள் அந்தப் பெண். கூட வேறு யாரும் இல்லை போலிருந்தது. அடுப்பக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, பாட்டில் பெட்டியை ஓரமாக வைத்து, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கணவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வண்டி ஓட்டுநர் தூரத்திலிருந்து கையசைத்து, அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று சைகை காட்டினார். கொஞ்சம் இருங்கள் என்று இவள் பதிலுக்குக் கையைக் காட்டினாள்.

பாட்டில்காரர் திரும்பி வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லாமல், போன் செய்வார். அடுப்பக்கா வீடு திரும்பும்போது அந்த இரண்டு அறைகளும் முன்போலவே இருட்டிக் கிடக்கும். ஆனால் அலைந்த அலைச்சலில் பசி எடுத்துவிடுகிறது. அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கி, சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போகிறாள். மறுநாள் எந்த ஏரிக்கரை, எந்தக் கட்டடத்தின் அடித்தளம் என்று ஓட்டுநர் காலையில் வந்து சொல்வார்.